மாமன் கொடுத்த நூறு ரூபாய் யாருடையது?

மே மாதம் பிறந்துவிட்டால் மும்பை சி.எஸ்.எம்.டி. ரெயில் நிலையத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் நிற்கும் பிளாட்பாரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு என்று எல்லாப் பக்கத்துத் தமிழர்களும் மூட்டை முடிச்சோடு வந்து நிற்பார்கள். பள்ளிக்கூடம் மூடியாயிற்று. ஜூன் பாதியில்தான் மீண்டும் திறப்பு. ஊருக்குப் போய் ஆச்சி, தாத்தாவைப் பார்த்து, கோவில் கொடையும் கண்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஆண்டு முழுவதும் இதற்காகவே காசு சேர்த்தவர்கள் பலர்.

இந்தப் பயணத்துக்கு எவ்வளவு முன்யோசனை! 2024 நவம்பர் முதல் 60 நாளைக்கு முன்புதான் டிக்கெட் எடுக்க முடியும் என்று ஆனதால், அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, காலை 8 மணிக்கே கவுண்டரிலும் செல்போனிலும் காத்திருக்கிறார்கள். 5 வயதுக்கு மேல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்; படுக்கை வேண்டாம் என்றால்தான் பாதி. 2016-ல் வந்த விதி இது. இன்னும் சிலர் "அரை டிக்கெட்தானே" என்று கேட்டு, விவரம் தெரிந்து முகம் வாடி நிற்பதுண்டு. இத்தனைக்கும் கணக்குப் போடும் பெற்றோர், ஒன்றுக்கு மட்டும் கணக்கே போடுவது இல்லை. பிள்ளைகளின் கைச்செலவு!

வண்டி கர்ஜத்தில் நின்றதும் வடா பாவ். லோணாவளாவில் சிக்கி. புனேயில் குளிர்பானம். சோலாப்பூர் வருவதற்குள் பிள்ளை பத்துப் பதினைந்து தடவை கை நீட்டி இருக்கும். ஐந்து தடவை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஐந்து தடவை "பேசாமல் இரு" என்று அதட்டி இருப்பார்கள். மீதித் தடவைகளில் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். எதற்குக் கிடைத்தது, எதற்கு அடி விழுந்தது என்று பிள்ளைக்கு விளங்காது. அதற்கு விளங்குவது ஒன்றுதான். அழுதால் சில நேரம் கிடைக்கும்!

<b>போனில் போகும் காசு</b>

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தின் கதை இது. அதிகாலையில் எழுந்து மாவு ஊற்றி, சைக்கிளில் தெருத் தெருவாகப் போய் விற்றுப் பிழைக்கிறவர். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. போன ஆண்டு ஊர்ப் பயணத்தில் ரெயிலில் மட்டும் பிள்ளைகளின் தின்பண்டத்துக்கு 900 ரூபாய் ஆகிவிட்டது. கொடைக்குப் போன இடத்தில் 2,000 ரூபாய்க்கு மேல். எப்படிப் போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. செல்போனை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 30 ரூபாய், 50 ரூபாய், 80 ரூபாய் என்று வரிசையாக நின்றது. நூற்றுக்குக் குறைந்த தொகை என்பதால் மனதில் பதியவே இல்லை.

முன்பெல்லாம் காசு கண்ணுக்குத் தெரிந்து போயிற்று. ஆச்சி இடுப்பில் இருந்து சுருக்குப்பையை எடுப்பாள். முடிச்சை அவிழ்ப்பாள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பேரனும் எட்டிப் பார்ப்பான். பை மெலிந்திருந்தால் கேட்கவே மாட்டான். இன்று பையும் இல்லை, முடிச்சும் இல்லை. 2016-ல் வந்த யு.பி.ஐ. முறையில் கடைக்காரர் அட்டையை நீட்டுகிறார். அப்பா போனைக் காட்டுகிறார். ஒரு சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான். அந்தப் போனுக்குள் காசு வற்றவே வற்றாது என்று ஒன்பது வயதுப் பிள்ளை நினைத்தால் அது பிள்ளையின் குற்றம் ஆகுமா?

யு.பி.ஐ. வேண்டாம் என்பது அல்ல. பெரியவர்களுக்கு அது மிகுந்த வசதி. ஆனால் பிள்ளையின் கைச்செலவுக் காசு நோட்டாகவும் நாணயமாகவும் அதன் கையிலேயே இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால்தான் குறைவது தெரியும்.

இதில் ஒரு சிறு சங்கடம் உண்டு. மும்பையில் தடையில்லாமல் ஓடும் 10 ரூபாய் நாணயத்தை ஊர்ப்பக்கம் சில கடைகளில் "செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். 14 வடிவங்களில் வந்த 10 ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தது. கடைக்காரரிடம் யார் போய் வாதாடுவது? பிள்ளைக்கு நோட்டாகக் கொடுத்து அனுப்புவதே மேல்.

<b>முன்கூட்டியே ஒரு தொகை</b>

செய்ய வேண்டியது என்ன? பெட்டி கட்டும் அன்றே, "இந்த விடுமுறைக்கு உன் காசு இவ்வளவு" என்று பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். மகனுக்கு 300, மகளுக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். முடியாதவர்கள் 50 ரூபாய் கொடுக்கட்டும். தொகை பெரிதா சிறிதா என்பது முக்கியம் அல்ல. சொன்ன தொகை சொன்னபடி நிற்க வேண்டும். தீர்ந்துபோனால் மறுபடி கிடையாது. இங்கேதான் நம் தகப்பன்மார் தோற்றுப்போகிறார்கள். இரண்டாம் நாளே பிள்ளை கண்ணைக் கசக்கினால், "சரி, இந்த ஒரு தடவை" என்று நூறு ரூபாயை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அன்றோடு அந்த ஏற்பாடு செத்தது.

சோறு, தண்ணீர், பஸ், மருந்து எல்லாம் பெற்றோர் செலவு. அதில் பிள்ளையின் காசைத் தொடக்கூடாது. ராட்டினம், பஞ்சுமிட்டாய், பலூன், ஜவ்வு மிட்டாய்க்காரர் கையில் கட்டிவிடும் மிட்டாய் கடிகாரம், இவைதான் பிள்ளையின் காசுக்கு உரியவை. அதில் "இதை வாங்காதே, அதை வாங்கு" என்று தலையிடவும் கூடாது. உடைந்துபோகும் பொம்மைக்கு 80 ரூபாய் கொடுத்து ஏமாந்தால் ஏமாறட்டும். 80 ரூபாயில் படிக்காத பாடத்தை 80 ஆயிரத்தில் படிக்க நேருவதைவிட இது நல்லது.

மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டாம். ரெயிலுக்குக் கொஞ்சம், ஊருக்குப் போனபின் மீதி. இரண்டு இரவு தூங்கி எழும் வண்டியில் சின்னப் பிள்ளையின் பையில் முழுப் பணமும் இருப்பது ஆபத்து. காசு வைத்திருக்கிறோம் என்ற உற்சாகத்தில் பிளாட்பாரத்தில் இறங்கிவிடுகிற பிள்ளைகளும் உண்டு. வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும். கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தேடிக்கொண்டிருப்பார். வண்டி நகர்ந்துவிடும்! பெரியவர் துணை இல்லாமல் இறங்கக்கூடாது என்பதைக் காசு கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஜன்னல் ஓரத்திலேயே படிக்க வேண்டிய பாடங்களும் இருக்கின்றன. ஒரு லிட்டர் ரெயில் நீர் 2025 செப்டம்பர் முதல் 14 ரூபாய். பாட்டிலிலேயே விலை அச்சாகி இருக்கும். 20 ரூபாயை வாங்கிக்கொண்டு "சில்லறை இல்லை" என்று நடந்துவிடுகிறவரை, "அண்ணே, மீதி 6 ரூபாய்" என்று கூப்பிட்டுக் கேட்க ஒரு பிள்ளை பழகிக்கொண்டால் அது பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுக்காத கணக்கு. அதிக விலை வாங்கினால் 139 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கட்டும்.

<b>"பம்பாய்க்காரவுக பிள்ளை"</b>

ஊரில் இறங்கியதும் இன்னொரு தொல்லை ஆரம்பிக்கிறது. பெயர் மாறி 30 ஆண்டுக்கு மேல் ஆகியும் ஊர்க்காரர்களுக்கு அது பம்பாய்தான். "பம்பாய்க்காரவுக வந்தாச்சு" என்று தெருவே வாசலுக்கு வரும். 10-க்கு 15 அடி அறையில் ஆறு பேர் படுத்து எழுந்தது அங்கே யாருக்குத் தெரியும்? வந்தவரும் சொல்லமாட்டார். வீறாப்பு விடுமா?

கொடை நாளில் சித்தப்பா மகன், அத்தை மகள் என்று ஏழு பிள்ளைகள் கூடவே வருவார்கள். அவர்கள் கையில் தாத்தா கொடுத்த 20 ரூபாய் இருக்கும். இவன் ராட்டினத்தில் மூன்று தடவை சுற்றுவான். துப்பாக்கியால் பலூன் சுடுவான். ஐஸ்கிரீம் தின்பான். அவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த ஏழு முகங்களைத் தாய் பார்க்கிறாள். மனது கேட்கவில்லை. ஏழு பேருக்கும் வாங்கிக் கொடுக்கிறாள். 500 ரூபாய் அந்த இடத்திலேயே போயிற்று. ஜூன் மாதம் நோட்டுப் புத்தகத்துக்கு எடுத்து வைத்த காசு அது.

தம் பிள்ளைக்கும் ஊர்ப் பிள்ளைக்கு உள்ள அளவுதான் என்று வைத்துவிட்டால் இந்த வம்பு பாதி குறையும். கொடை அன்று ஆளுக்கு 50 என்றால் எல்லோருக்கும் 50. வீட்டுப் பெரியவர் கையால் கொடுக்கட்டும். மும்பைப் பிள்ளை தனக்கென்று கொண்டுவந்த காசை அன்று வெளியில் எடுக்கவேண்டாம். கன்னியாகுமரிக்குப் போகும்போது செலவு செய்துகொள்ளலாமே. அங்கே சங்கு இருக்கிறது; சிப்பியில் செய்த கண்ணாடி இருக்கிறது; பொட்டலத்தில் பலநிற மணல் இருக்கிறது. 2024 டிசம்பர் 30-ந்தேதி முதல் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் வேறு. படகுக் கட்டணம் அப்பா செலவு, சங்கு அவன் செலவு.

<b>வெற்றிலையில் வைத்த காசு</b>

இனிதான் சிக்கலான விஷயம். புறப்படும் நாளில் தாய்மாமன் வருவார். மருமகன் கையில் 100, மருமகள் கையில் 100 வைத்து, "நல்லா படிங்க" என்பார். ஆச்சி வெற்றிலையில் வைத்து 200 கொடுப்பாள். சித்தி ஏதாவது கொடுப்பாள். பிள்ளையின் கை சூடு அந்த நோட்டில் ஏறுவதற்குள் அம்மாவின் கை நீளும். "இங்கே தா, நான் வச்சிருக்கேன்." அந்தக் காசை அப்புறம் பார்த்த பிள்ளை உண்டா?

தாய் திருடி அல்ல. அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வந்த அன்று அண்ணன் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆளுக்கு நூறு கொடுத்தவள் அவள். இங்கே கொடுப்பது அங்கே திரும்பும், அங்கே வாங்குவது இங்கே திரும்ப வேண்டும். மொய் நோட்டில் எழுதாத மொய் இது. "எங்க காசுதானே சுத்தி வருது" என்று அவள் கேட்டால் யார் என்ன பதில் சொல்ல முடியும்?

ஆனால் மாமன் அந்த நூறு ரூபாயை அவளிடம் கொடுக்கவில்லை. பிள்ளையின் கையில் கொடுத்தார். எல்லோர் முன்னாலும் கொடுத்தார். பிள்ளை அதைத் தன்னுடையது என்று நினைப்பதில் தவறில்லை. அதை ஒளிவுமறைவாக வாங்கிக்கொள்வதற்குப் பதில் உட்கார வைத்துக் கணக்கைச் சொன்னால் என்ன? "மாமா பிள்ளைகளுக்கு நாம் இவ்வளவு கொடுத்தோம், உனக்கு அவர் இவ்வளவு கொடுத்தார். இதில் பாதி உனக்கு, பாதி வீட்டுக்கு" என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியாதா? நன்றாகப் புரியும். புரிந்தால் அடுத்த ஆண்டு மாமன் பிள்ளைக்குக் கொடுக்கத் தன் பங்கில் இருந்து பத்து ரூபாய் எடுத்து வைக்கிற பிள்ளையாகவும் இருக்கும்.

சேர்த்து வைக்கவும் வழி இருக்கிறது. 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தபால் ஆபீஸ் சேமிப்பிலும் 10 வயதுப் பிள்ளைக்கு இந்த உரிமை உண்டு. தாராவியிலும் தபால் ஆபீஸ் இருக்கிறது, ஊரிலும் இருக்கிறது.

கணக்குக் கேட்பதில் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். கொடுத்த 300 ரூபாய்க்கு மாலைதோறும் விசாரணை! "அந்த பத்து ரூபாய் எங்கே?" என்று மிரட்டினால் பிள்ளை பொய் சொல்லத்தான் கற்கும். கொடுத்தது கொடுத்ததுதான். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

<b>மகளுக்கு எதற்கு?</b>

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பல வீடுகளில் கைச்செலவு என்பது மகனுக்குத்தான். "பொட்டப் பிள்ளைக்குக் காசு எதுக்கு? அம்மாகிட்ட கேட்டா வாங்கித் தரப்போறா" என்று முடித்துவிடுகிறார்கள். வளையலும் ரிப்பனும் அம்மா பார்த்து வாங்கிக் கொடுப்பதாம். வெளியூர் போகிற இடத்தில் அவசரத்துக்கு ஒரு போன் பேசவோ, பஸ் ஏறவோ பத்து ரூபாய் இல்லாமல் நிற்கப்போவது எந்தப் பிள்ளை? ஒரு பொருளை விலை கேட்டு, பேரம் பேசி, வேண்டாம் என்று திரும்பி வரும் தைரியம் மகனைவிட மகளுக்குத்தான் முதலில் வேண்டும். கல்யாணமாகிப் போனபின் கணவனிடம் ஒவ்வொரு ரூபாய்க்கும் கை நீட்டி நிற்கும் பெண்கள் இந்த வீடுகளில் இருந்துதான் போனார்கள்.

அந்த இட்லி வியாபாரி இந்த ஆண்டு இருவருக்கும் ஆளுக்கு 300 கொடுத்தார். மகன் கொடை முடிவதற்குள் தீர்த்துவிட்டான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். தகப்பனார் அசையவில்லை. ஆச்சிதான் ரகசியமாக 20 ரூபாய் கொடுத்ததாகக் கேள்வி. மகள் ஒரு கல் வைத்த கிளிப்பும் கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு பாக்கெட்டும் வாங்கினாள். திரும்பி வரும்போது மாமா கொடுத்ததும் சேர்த்து அவள் பையில் 310 ரூபாய் இருந்தது. அம்மா அதைக் கேட்கவில்லை.

மும்பை வந்து இறங்கிய விடிகாலையில் மழை. மூட்டைகளோடு லோக்கல் ரெயிலில் ஏற முடியவில்லை. டாக்சிக்காரர் 350 கேட்டார். போனில் இருந்த பணம் ஊரிலேயே தீர்ந்துவிட்டது. தகப்பனாரும் தாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் பையைத் திறந்து 300 ரூபாயை எண்ணி எடுத்தாள். "கடன்தான்ப்பா, ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள குடுத்துரணும்" என்றாள். மீதி 50-ஐ அம்மா சேலை முந்தானையில் இருந்து அவிழ்த்தாள்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. 200 ரூபாய் திரும்பிவிட்டது. நூறு ரூபாய் பாக்கி என்று அடுப்படிச் சுவரில் கரிக்கோட்டில் எழுதி இருக்கிறது.