மாசியில் வந்து ஓடையை அளக்காதீர்கள்

ஏனுங்க அதிகாரி ஐயா, கல்குவாரி பற்றி மனு கொடுக்க வந்தவனிடம் நீங்கள் கேட்டது இன்னும் முள்ளாய்த் தைக்கிறது. "முன்னாடி எவ்வளவு தண்ணி ஓடுச்சுன்னு ஆதாரம் இருக்கா?" எருமப்பட்டியில் வெங்காயமும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவன், ஓடைத் தண்ணீருக்கு ரசீது வாங்கியா வைத்திருப்பான்? அளக்க வேண்டியவர்கள் அளக்காமல் விட்டுவிட்டு என்னிடம் கணக்குக் கேட்டால் நான் எங்கே போவேன்?

எங்கள் ஓடை காவிரி அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் கொல்லிமலையில் அடைமழை பிடித்தால் இறங்கி வரும். மாசியில் வெறும் மணல். அந்தக் கொஞ்ச நாள் ஓட்டத்தில்தான் கிணறு ஊற வேண்டும். சுரங்கத் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் ஆய்வுக்கோ, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்து அளவே போதுமாம்! மழையில் மட்டும் ஓடுகிற ஓடையை வெயிலில் வந்து பார்த்து 'நீரோட்டம் இல்லை' என்று எழுதினால், அது எங்களுக்கு வைத்த வேட்டு.

மலைமேல் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டினார்கள். அது நின்றது. இப்போது அடிவாரத்தில் கல்குவாரி. குழியில் தேங்குவதை மோட்டார் வைத்து ஓடையில் இறைக்கிறார்கள், மாவு கரைத்தாற்போல் வெள்ளையாக. சொட்டுநீர்க் குழாயின் துளையெல்லாம் கல்தூள் அடைத்து, ஊசியால் குத்திக் குத்தி என் வீட்டுக்காரிக்கு விரல் காய்த்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியாதது அதைவிடக் கொடுமை. குவாரியில் வைக்கும் வெடிமருந்தில் அமோனியம் நைட்ரேட் இருக்கிறது. வெடிக்காமல் மிஞ்சியது மழையில் கரைந்து இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. தாண்டினால் காய்ச்சினாலும் போகாது. அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரிக்கலாம். என் கிணற்றில் எவ்வளவு? பார்த்தவர் இல்லை. கேட்டால், "நீங்க போடுற உரத்துல வந்திருக்கும்" என்கிறீர்கள். இருக்கட்டுமே! குவாரிக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் பிடித்துப் பார்த்தால் எது யாருடையது என்று தெரிந்துவிடாதா?

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி வருடத்தில் ஜூன் 1, டிசம்பர் 1 என இரண்டு தடவை, நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததாக அறிக்கை தர வேண்டும். தருகிறவர் யார்? குவாரிக்காரரே. வேலிக்கு ஓணான் சாட்சி!

குவாரியை மூடச் சொல்லவில்லை. கல் இல்லாமல் என் வீட்டுக்கே கடைக்கால் கிடையாது. அடுத்த ஐப்பசிக்குள் குவாரிக்கு மேலும் கீழும் ஓடையில் அளவுகோல் நடுங்கள். தண்ணீர் ஓடும்போது வந்து மாதிரி பிடியுங்கள். பிடிக்கும்போது எங்களில் ஒருவனைப் பக்கத்தில் நிற்க விடுங்கள். வந்த எண்ணைப் பேரூராட்சி வாசலில் எழுதிப் போடுங்கள். அடுத்த முறை ஆதாரம் கேட்டால், அந்தப் பலகையைக் காட்டுகிறேன்.