மண்வெட்டி பிடிக்க நாங்கள், திட்டம் போட யாரோ?



மகாவலிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கொத்மலை ஓயாவும், களனி கங்கையாகச் சேரும் மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா இரண்டும் நம்முடைய தேயிலை மலைகளுக்கு நடுவேதான் இறங்கி வருகின்றன. காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்கள் நம் லயங்களுக்குக் கீழேதான் கிடக்கின்றன. அந்தத் தண்ணீரில் நாட்டுக்கு மின்சாரம் எடுக்கிறார்கள். களனி நீரைச் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. மகாவலி நீர் வடமத்திய வயல்வரை போகிறது. ஆனால் அந்த நீர்த்தேக்கங்களுக்கு மேலே குடியிருக்கும் நாம், வெயில் காலத்தில் பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நிற்கிறோம்.

இப்போது நீரேந்துப் பகுதிகளைப் புனரமைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. குழுக்கள் அமைக்கப்படுகின்றன. நல்ல காரியம்தான். எங்கள் பகுதியில் இயங்கும் குழுவில், சங்கத்தின் சார்பில் திட்டம் தயாரிக்கும் வேலையில் நாங்களும் இருக்கிறோம். அங்கே கண்டதை உங்களிடம் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

முதலில் கொண்டுவந்து விரித்த வரைபடத்தில் தொழிற்சாலை இருந்தது, பங்களா இருந்தது, பெரிய ரோட்டு இருந்தது. ஊற்றுகள் இல்லை. லயத்துக்குப் பின்னால் மழைக்கு மழை அறுந்துபோகும் ஓடை இல்லை. ஆனால் குற்றவாளிகள் யார் என்று மட்டும் எழுதியாகிவிட்டது. ஓயாவில் மண் சேருவதற்குக் காரணம் நம் மரக்கறித் தோட்டமாம், நாம் பொறுக்கும் விறகாம், நம் மலசலகூடமாம். அடுத்த பக்கத்தில் நமக்கு ஒரு வேலையும் வைத்திருந்தார்கள்: சிரமதானம். குழி வெட்டவும் கன்று சுமக்கவும் நாம் வேண்டும். எங்கே வெட்டுவது, எதை நடுவது என்று முடிவெடுக்க நாம் வேண்டாம்!

இந்த மலைகளை மொட்டையடித்தது யார்? கோப்பிக்காகக் காட்டை எரித்தது யாருடைய உத்தரவு? 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை தொடங்கிய பின் மலை மலையாக அதை விரித்தது யாருடைய இலாபத்துக்கு? 5000 அடிக்கு மேல் காடு வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 1870களிலேயே வந்தது. என்ன நடக்கிறது என்று வெள்ளைக்காரத் துரைமாருக்கே அப்போது தெரிந்திருந்தது. கோடரி பிடித்த கை நம் பாட்டன் கை. ஆனால் அவனுக்கு அந்த மண்ணில் ஓர் அடி சொந்தமில்லை.

மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இல் வந்தது. 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. இன்று பல தோட்டங்களில் நிலைமை என்ன? சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே குழி விட்டு மண்ணைத் தடுத்த வேலை குறைந்துவிட்டது. தூர்ந்த கானை அள்ள ஆள் போடுவதில்லை. செத்த தேயிலைக்குப் பதில் கன்று நடாமல் வெற்று மண்ணாக விடுகிறார்கள். அந்த மண்தான் மழையில் கரைந்து ஓயாவுக்குப் போகிறது. ஏக்கர் கணக்கில் கரையும் மலையை விட்டுவிட்டு, லயத்து வாசலில் நாலு பாத்தி லீக்ஸ் போட்டவனைப் பிடிப்பது என்ன நியாயம்?

அதற்காக நம் பக்கத்தில் தவறே இல்லை என்று சொல்லவில்லை. சொப்பிங் பையும் போத்தலும் ஓடையில்தான் போய்ச் சேருகின்றன. சிலர் ஓடைக்கரைவரை கொத்திப் போடுகிறார்கள். அதை நிறுத்த வேண்டும். கரையில் நாலடி புல்லை விட்டு வைப்போம். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுவோம். ஆனால் குப்பை அள்ளும் டிரக்டர் ஏன் லயத்துக்கு வருவதில்லை என்றும் கேட்போம். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யச் சட்டம் தடையாக இருந்தது. அந்தச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. இனியும் அதைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

திட்டமிடுவது என்பது ஏதோ படித்தவர்களின் மந்திரம் அல்ல. மலை உச்சியிலிருந்து ஓயாவரை நடக்க வேண்டும். ஊற்று எங்கே, கான் எங்கே அடைபட்டது, ரோட்டுத் தண்ணீர் எந்த இடத்தில் மலைக்குள் பாய்கிறது, எங்கே நிலம் வெடித்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். எதை முதலில் செய்வது, யார் செய்வது, யார் செலவைக் கொடுப்பது என்று எழுத வேண்டும். இவ்வளவுதான். கொழுந்து எடுக்கும் அக்காமாருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையில் நடந்தோம். வரைபடத்தில் இல்லாத ஊற்றுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். எது பங்குனியிலும் வற்றாது, எது யூகலிப்டஸ் நட்ட பிறகு வற்றியது என்றும் சொன்னார்கள். தினமும் அந்த மலையில் காலை வைப்பவர்களுக்குத் தெரியாததா?

இது தண்ணீர் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. ஆபத்து பற்றி முன்பே எச்சரிக்கை இருந்தது. போக இடம்தான் இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகம் மறுபடியும் சரிந்தது. எச்சரிக்கை மட்டும் கொடுத்து, காணி கொடுக்காவிட்டால் மக்கள் எங்கே போவார்கள்? சொந்தமில்லாத மண்ணில் மரம் நட்டு வளர்க்கச் சொன்னால், நாளை அதை வெட்டி விற்பது யார்?

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேர் தோட்டத் தொழிலாளர்களாக இருக்க வேண்டும். அதில் பாதி பெண்களாக இருக்க வேண்டும். கூட்டம் வேலை நாளில் காலை பத்து மணிக்கு அல்ல, ஞாயிற்றுக்கிழமை.

2. திட்டம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். லயத்தில் வாசித்துக் காட்டாமல் எதுவும் நிறைவேறக் கூடாது.

3. மலை நடந்து ஊற்றுக் காட்டுவதும் வேலைதான், குழி வெட்டுவதும் வேலைதான். ஒவ்வொரு நாளுக்கும் முழுப் பேர் போட வேண்டும். ஆலோசகருக்குச் சம்பளம், நமக்குச் சிரமதானமா?

4. முதல் செலவு லயத்துக்குக் குடிநீர் தரும் ஊற்றைக் காக்க. கான் வெட்டும் செலவு கம்பனியுடையது.

5. மண்சரிவு அபாயத்தில் உள்ள குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் உறுதியுடன் காணி. அது முதலில், மரநடுகை விழா பிறகு.

குழுவில் இந்தக் கோரிக்கைகளை வைத்தபோது, அரசியல் பேசாதீர்கள், சுற்றாடலைப் பேசுங்கள் என்றார்கள். தண்ணீர் யாருக்கு, மண் யாருக்கு, கூலி யாருக்கு என்பதைவிடப் பெரிய சுற்றாடல் பேச்சு எங்களுக்குத் தெரியாது.

உங்கள் தோட்டத்துக்கும் இப்படி ஒரு குழு வரும். வந்தால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் ஊற்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாதர் சங்கத் தலைவியையும் தோட்டக் கமிட்டியையும் கூட்டி, நீங்களே மலை நடந்து குறித்துக்கொண்டு போய் வையுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் வரைந்து தருவார்கள். கணக்கு எழுத நாங்கள் வருகிறோம்.

இருநூறு வருடம் இந்த மலையைச் சுமந்தவர்கள் நாம். அதன் திட்டத்தையும் நாமே எழுதுவோம்!