மூணு பேராசிரியர்களும் ஒரு பால்வாடி டீச்சரும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் உப்பிலியபுரம். துறையூரைத் தாண்டி, பச்சமலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற இடம். ஆபீஸ்ல யார்கிட்ட பேரைச் சொன்னாலும் "ஓ, கும்பகோணம் பக்கத்துல பெருமாள் கோயில் இருக்கே, அதுதானே?" என்பார்கள். அது உப்பிலியப்பன் கோயில்யா, இது உப்பிலியபுரம் என்று விளக்கி விளக்கி வாய் வலித்து, இப்போதெல்லாம் "திருச்சி" என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

எங்க சித்தி பக்கத்து ஊர்ல பால்வாடி டீச்சர். அங்கன்வாடின்னு போர்டு மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு. எங்க பக்கத்துல இன்னும் பால்வாடிதான். நானே அங்க சத்துமாவு உருண்டை தின்னு வளர்ந்த பயதான். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு அவங்க வீட்டுக்குப் போனா, சித்தி திண்ணையில உக்காந்து போன்ல எதையோ தட்டிக்கிட்டு இருந்தாங்க.

"என்ன சித்தி, லீவு நாள்ல கூடவா?"

"எடை போட்டதெல்லாம் இன்னும் ஏத்தல தம்பி. நெட்டு வர்றப்பவே ஏத்திடணும். அப்புறம் சுத்திக்கிட்டே இருக்கும்."

2021-ல இருந்து எடை, உயரம், வருகை எல்லாம் 'போஷன் டிராக்கர்' ஆப்ல போகணும். எங்க தொழில்ல இதுக்கு 'டேட்டா என்ட்ரி'ன்னு பேரு, தனியா ஆள் போட்டு சம்பளம் கொடுப்பாங்க. சித்திக்கு இது பதினோராவது வேலை. முதல் பத்து வேலை என்னன்னு கேட்டா மூச்சு விடாம சொல்வாங்க. பிள்ளைங்களுக்குப் பாட்டு, கதை, எண்ணு எழுத்து. சாப்பாடு. எடை. கர்ப்பிணிகளுக்கு சத்துமாவு. தடுப்பூசி நாள்ல வீடு வீடா போய்க் கூட்டிட்டு வர்றது. மிச்சத்தைக் கேட்டா நாம களைச்சுப் போயிடுவோம்.

அப்போதான் எனக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை ஞாபகம் வந்துச்சு. இந்தப் பதிவே அதைப் பத்தித்தான். இல்லை, அதுக்குப் பின்னாடி இருக்கிறவங்களைப் பத்தி.

அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழகங்களில் இருக்கும் மூன்று பேராசிரியர்கள் சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அலெஹாந்த்ரோ கனிமியான், சான் டியாகோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கார்த்திக் முரளிதரன், பெர்க்லியின் கிறிஸ்டோபர் வால்டர்ஸ். 2024-ல் 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி'யில் வெளிவந்தது. பொருளாதாரத்துல அதுல ஒரு கட்டுரை வந்தா, நம்ம ஊர்ல பையன் ஐ.ஏ.எஸ். பாஸ் பண்ணின மாதிரி.

ஆராய்ச்சி நடந்த இடம்? நம்ம தமிழ்நாடு. 320 அங்கன்வாடி மையங்கள். குலுக்கிப் போட்டு ஒரு பாதி மையங்களுக்கு மட்டும் ஒரே ஒரு கூடுதல் ஆளைக் கொடுத்தார்கள். அதுவும் அரை நாள் வேலைக்கு. அவருக்கு முக்கியமான வேலை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. மற்ற பாதி மையங்கள் எப்போதும் போல. சாப்ட்வேர்ல நாம பண்ற ஏ/பி டெஸ்ட்தான். பட்டன் கலரை மாத்திப் பாக்குறதுக்குப் பதிலா பால்வாடியில ஒரு ஆளைக் கூட்டிப் பாத்திருக்காங்க.

பதினெட்டு மாசம் கழிச்சு என்ன ஆச்சு? முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரண்டு மடங்கு ஆனது. தொடர்ந்து மையத்துக்கு வந்த பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் 0.29 திட்டவிலக்கம், மொழி மதிப்பெண் 0.46 திட்டவிலக்கம் உயர்ந்தது. திட்டவிலக்கம்னா பிளஸ் டூவோட மறந்துட்டோமே என்பவர்களுக்கு: நூறு பிள்ளைகளை வரிசையா நிறுத்தினா நடுவுல நிக்கிற பிள்ளை, கணக்குல பதினோரு பேரையும் மொழியில பதினெட்டு பேரையும் தாண்டிப் போயிருக்கு. அது மட்டும் இல்லை. வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் விகிதமும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் அந்த மையங்களில் குறைந்தன. சொல்லிக்கொடுக்க ஆள் வந்ததும் பழைய டீச்சருக்குச் சாப்பாடு, எடை, தாய்மார்களோட பேசுறதுக்கு நேரம் கிடைச்சிருக்கு. கல்விக்குப் போட்ட ஆளால உடம்பும் தேறியிருக்கு.

டேப்லெட் இல்லை. ஸ்மார்ட் போர்டு இல்லை. இன்னொரு மனுஷி. அரை நாளைக்கு.

இதையெல்லாம் நான் உணர்ச்சிவசப்பட்டு விளக்கி முடிச்சேன். சித்தி சிரிச்சாங்க. "இதுக்கு அமெரிக்காவுல இருந்து வரணுமாடா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. சித்தி சொன்னா அது கோரிக்கை மனு. 320 மையத்துல குலுக்கிப் போட்டு அளந்து சொன்னா அது ஆதாரம். தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் ஒரு ஆளைக் கூட்டணும்னா நிதித்துறை அதிகாரி "ஏன்?" என்று கேட்பார். அவர் கேட்பது தப்பும் இல்லை. 'கூட ஒரு ஆள் வந்தா பழைய ஆள் உக்காந்துக்குவாங்க' என்று நினைப்பவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்? அந்த நினைப்புக்குப் பதில் சொல்ல நம்பர் வேணும். செலவை விடப் பலன் கணிசமா அதிகம் என்று கணக்கோட காட்டினதுக்காக அந்த மூணு பேருக்கும் ஒரு கும்பிடு. இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை.

சித்தி அடுத்துக் கேட்டதுதான் என்னைப் பிடிச்சு உலுக்கிடுச்சு.

"சரி, அந்த அரை நாள் பொண்ணுங்க பேரு என்னா? அவுங்க இப்ப எங்க இருக்காங்க?"

கட்டுரையோட முதல் பக்கத்துல மூணு பேரு இருக்கு. அவங்க எந்தப் பல்கலைக்கழகம்னு இருக்கு. அந்த 0.29-ம் 0.46-ம் யாரோட கையில, வாயில, தொண்டையில இருந்து வந்துச்சோ, அவங்க அங்கே 'கூடுதல் பணியாளர்'.

அவங்களோட முடியலை. மூணு வயசுப் பிள்ளைக்குப் பரீட்சை எப்படி வைப்பீங்க? பேப்பரைக் கொடுத்தா தின்னுடும். ஒருத்தர் எதிர்ல உக்காந்து, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தி, ஒவ்வொண்ணா வாயால கேட்டுத்தான் பதில் வாங்கணும். உயரம் அளக்கணும்னா பிள்ளை நேரா நிக்கணும். எடை போடணும்னா துள்ளாம இருக்கணும். சித்தி ஒரு விஷயம் சொன்னாங்க. எடை போடும்போது சில அம்மாக்கள் காதுல வந்து கெஞ்சுவாங்களாம், "அரை கிலோ கூடப் போட்டு எழுதிக்குங்க டீச்சர், மாமியா என்னையத்தான் திட்டும்" என்று. பாவமாத்தான் இருக்கும், ஆனா கூட எழுத முடியாது. அப்படி எழுதினா அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பு கிடைக்காம போயிடும். அந்த இடத்துல மனசைக் கல்லாக்கிட்டு சரியான நம்பரை எழுதுற கைதான் ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

இது அங்கன்வாடி ஆராய்ச்சியோட கதை மட்டும் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் உள்ளிட்ட குழு ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னில் வந்தது. வேலூரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று முறை தொற்று வந்த பிறகும், ஓரளவு கடுமையான நோயிலிருந்து 79 சதவீதப் பாதுகாப்புத்தான் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ரோட்டா தடுப்பு மருந்து எவ்வளவு வேலை செய்யும்னு எதிர்பார்க்கலாம் என்பதற்கு அது முக்கியமான ஆதாரம். காங் 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் ஆனார். முழுத் தகுதியான பெருமை.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை களப்பணியாளர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்காங்க. 373 பிள்ளை, மூணு வருஷம், வாரம் ரெண்டு தடவை. என் கால்குலேட்டர் 1,16,376 என்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேல கதவைத் தட்டியிருக்காங்க! வேலூர் வெயில்ல! தட்டின வீட்டுல கேக்க வேண்டியது "பாப்பாவுக்கு வெளிக்கு எப்படிப் போகுது?" என்கிற கேள்வி. வாங்கிட்டு வர வேண்டியது அந்த மலத்தோட மாதிரி. ஒரு தாய் மூணு வருஷம் சலிக்காம கதவைத் திறக்கணும்னா, தட்டுற ஆள் மேல எவ்வளவு நம்பிக்கை வேணும்? அந்த நம்பிக்கையை எந்தப் பல்கலைக்கழகமும் கூரியர்ல அனுப்ப முடியாது.

கொரோனாவுக்கு அப்புறம் நடந்ததும் இதேதான். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த தரவை வைத்து எழுதினார்கள். 2021 டிசம்பரில் நம்ம பிள்ளைகள் 2019-ல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் 0.7, மொழியில் 0.34 திட்டவிலக்கம் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று கணக்கிட்டார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சாயங்காலம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் நடத்தியவர்கள் மாதம் 1,000 ரூபாய் வாங்கின தன்னார்வலர்கள். அந்த 24 என்கிற நம்பருக்குள்ள அவங்க எல்லாரும் இருக்காங்க.

யோசிச்சா எங்க மாவட்டத்துல இது பழைய கதை. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினது திருச்சிக்குப் பக்கத்துல பாப்பாக்குறிச்சியில. அந்த நாள் நம்ம எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு விடியக்காலையில அடுப்பு மூட்டின அம்மா யாருன்னு கேட்டா முழிப்போம்.

"எல்லார் பேரையும் போட்டா கட்டுரை டெலிபோன் டைரக்டரி ஆகிடும்" என்பீர்கள். ஆகட்டுமே! ஒரு சினிமா முடியும்போது லைட் பாய் பேரு வரைக்கும் ஓடுது. படிக்க நாம யாரும் உக்காந்திருக்கிறதில்லைதான். ஆனா அந்த லைட் பாயோட பொண்டாட்டி பிள்ளைங்க உக்காந்து பார்ப்பாங்க. பிள்ளைகளின் பெயரும் அவர்கள் வீடும் ரகசியமா இருக்கணும், அதுல மாற்றுக் கருத்தே இல்லை. அளந்தவங்க, சொல்லிக்கொடுத்தவங்க பேரை, அவங்க சம்மதிச்சா, பின்னிணைப்புல போட என்ன தடை?

பேரை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. முடிவைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்றது. எங்க சித்தி இத்தனை வருஷத்துல எத்தனையோ தடவை எடை எழுதி அனுப்பியிருக்காங்க. ஒரு தடவையாவது யாராவது வந்து "நீங்க அனுப்பினதுல இருந்து இது தெரிஞ்சுது டீச்சர்" என்று சொன்னாங்களான்னு கேட்டேன். "சொல்ல மாட்டாங்க. விட்டுப்போனதை மட்டும்தான் கேப்பாங்க" என்றார்கள். டேட்டா மேலே போற ரோடு ஒன்வே. ஆராய்ச்சி பண்றவங்க ஒரே ஒரு பக்கம் தமிழ்ல அச்சடிச்சு, கலந்துகிட்ட ஒவ்வொரு மையத்தோட சுவத்துலயும் ஒட்டினா என்ன? 'உங்க ஊர்ல பதினெட்டு மாசம் பார்த்தோம். கூட ஒரு ஆள் இருந்தா பிள்ளைங்க இவ்வளவு முன்னேறுறாங்க' என்று. அதைப் படிக்கிற தாய்மார் நாளைக்கு கிராமசபையில எழுந்து அந்த ஆளைக் கேட்பாங்க. ஆராய்ச்சி உண்மையிலேயே பயன்படுறது அப்போதான்.

இதை பெரிய பேராசிரியர்களைக் குறை சொல்ல எழுதலை. அவங்க கேள்வி கேக்கலைன்னா சித்தியோட உழைப்பு எந்த நம்பரிலும் வந்திருக்காது. ஆனா சித்தி இல்லைன்னா அவங்ககிட்ட கேள்வி மட்டும்தான் மிச்சம். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பிடிஎஃப் மட்டும் இருந்தா போதாது.

கிளம்பும்போது சித்தி மறுபடியும் கேட்டாங்க, "அந்த அரை நாள் ஆளு நம்ம பக்கம் வருமாடா தம்பி?" என்று. "எழுதிப் பாக்குறேன் சித்தி"ன்னு சொல்லிட்டு வந்தேன். எழுதிட்டேன்.

டிஸ்கி: உங்க வீட்லயும் ஒரு பால்வாடி டீச்சரோ, ஆயாவோ, கிராம செவிலியரோ, சர்வே எடுக்கப் போற அக்காவோ இருந்தா, அவங்க வேலையைப் பத்தி ஒரு பதிவு போடுங்க மக்களே. அவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. நாம எழுதுற மொக்கைக்கு நடுவுல அது ஒண்ணாவது உருப்படியா இருக்கும்.