குமரிக் கடலாய்வுக்குப் பன்னாட்டு நிதி: கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ஒன்றியப் புவி அறிவியல் அமைச்சகம், தமிழ்நாடு அரசு மீன்வளத்துறை, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்.

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையுள்ள கடற்கரை ஊர்களின் மீனவர்கள், ஆய்வு மாணவர்கள், ஆசிரியர்கள் ஆகிய நாங்கள் இச்சாசனத்தை முன்வைக்கிறோம்.

முகவுரை

குமரி முனைக்குத் தெற்கே கிடக்கும் வெட்ஜ் பேங்க் நாட்டின் வளமான மீன்பிடித் தளங்களில் ஒன்று. 1920களிலேயே அன்றைய இலங்கை அரசின் ‘லில்லா’ கப்பல் இங்கே இழுவலை போட்டு ஆய்வு நடத்தியது. 1976 மார்ச்சில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இப்பரப்பு இந்தியாவுக்கே உரியது. உரிமை வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டாகியும், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்த மீன் எப்போது முட்டையிடுகிறது என்ற தொடர் தரவு எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. இந்நிலையில்தான் 2024இல் குமரிக் கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்க ஒன்றிய அரசு ஏலம் அறிவித்தது.

அந்தத் தரவைத் திரட்டும் ஆய்வுக்குப் பன்னாட்டு நிதி வேண்டும். வெளிநாட்டுத் துணை நமக்குப் புதிதல்ல. 1960களின் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் முடிந்த கையோடு, 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே கோட்டாறு சமூக சேவைச் சங்கமும் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியேர் ஜில்லேயும் பிரிட்டிஷ் வல்லுநர்களும் சேர்ந்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார்கள். வெளிநாட்டவர் திரும்பிப் போனார்கள்; படகு கட்டும் தொழில் கரையில் நிலைத்தது. திட்டம் முடிந்தபின் கரையில் என்ன மிஞ்சுகிறது என்பதே எங்கள் அளவுகோல். அதன்படி கோருகிறோம்:

கோரிக்கைகள்

1. முதலில் அடிப்படை ஆய்வு. வெட்ஜ் பேங்கின் பார்கள், நீரோட்டம், மீன் இனப்பெருக்கம் ஆகியவற்றை முழுமையாக ஆராயும் திட்டத்தை, ஐ.நா.வின் பெருங்கடல் அறிவியல் பத்தாண்டுக்குள் (2021–2030) இந்தியா முன்மொழிய வேண்டும். அதன் முடிவு வரும்வரை துளையிடும் பணி எதுவும் கூடாது.

2. நிதி தேடும் அலுவலகம். பல்கலைக்கழகத்தின் ராஜாக்கமங்கலம் கடல் அறிவியல் மையத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு வேண்டும். கூட்டாளி நிறுவனங்களைத் தேடுவது, விண்ணப்பம் எழுதுவது, கணக்கு ஒப்படைப்பது ஆகியவற்றுக்கு முழுநேர ஊழியர்களை நியமிக்க வேண்டும். பாடம் நடத்திவிட்டு இரவில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதும் பேராசிரியர் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு போட்டியிட முடியாது.

3. இணைநிதி. உள்ளூர்ப் பங்களிப்பு கேட்கும் திட்டங்கள் கைநழுவாதிருக்க, மாநில அரசு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டும்.

4. அனுமதிக்குக் காலவரம்பு. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002இன்படி வெளிநாட்டு ஆய்வாளர் நம் உயிரினங்களை ஆராயச் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. இந்தக் காவல் நீடிக்க வேண்டும். ஆனால் ஆம், இல்லை என்ற பதில் 90 நாளுக்குள் வர வேண்டும்.

5. நிதிச் சட்டத்தில் திருத்தம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம், நிதி பெற்ற அமைப்பு அதை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடுக்கிறது. இதனால் ஆய்வில் பங்கேற்கும் சிறிய மீனவர் சங்கத்துக்கு அதன் பங்கு போய்ச்சேர வழியில்லை. தணிக்கைக்கு உட்பட்ட கடலாய்வுக்கு விலக்கு வேண்டும்.

6. மீனவர் ஆய்வின் பங்காளர். கரையின் மலையையும் கோபுரத்தையும் அடையாளம் வைத்துப் பார் கிடக்கும் இடத்தைக் கண்டறியும் கணிச்சம் எங்கள் மூத்தோரின் அறிவு. தூத்தூர் வட்டாரத்துச் சுறாத் தொழிலாளர்கள் ஆழ்கடலைப் பழகியறிந்தவர்கள். அவர்களுக்கு ஊதியமும் காப்பீடும் ஆய்வறிக்கையில் பெயரும் தர வேண்டும். பார்களின் இருப்பிடத்தை எங்கள் சம்மதமின்றி வெளியிடக் கூடாது.

7. தரவு கரைக்கு வர வேண்டும். ஒவ்வொரு திட்டத்தின் முடிவும் தமிழில் அச்சாகி, ஊர்களில் படித்துக்காட்டப்பட வேண்டும். 2017இல் ஒக்கிப் புயல் எச்சரிக்கை, ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களை எட்டவில்லை. படகை எட்டாத அறிவியலுக்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது.

8. சார்புள்ள பணம் வேண்டாம். எண்ணெய், மணல் நிறுவனங்களின் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வுக்கு அதே நிறுவனங்களின் பணத்தைப் பெறக் கூடாது.

வேண்டுகோள்

முதல் இரண்டு கோரிக்கைகளுக்கும் மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதை எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்களுக்கும் ஒரு சொல்: கேள்வியை எங்களோடு சேர்ந்து வகுக்க வாருங்கள், வள்ளத்தில் இடம் தருகிறோம்.