ஆலோசகரா, ஆமாம்சாமியா?

அந்நாளில் அரசன் படை நடத்துவதென்றாலும், கோட்டைக்குக் கால்கோள் செய்வதென்றாலும் முதலில் அழைக்கப்பட்டவன் பஞ்சாங்கம் சுமந்தவன். மண்ணறிந்தவன் கடைசியில் வந்தான். விண்மீனை எண்ணியவன் வாக்கே வேதவாக்காயிற்று. வென்றால் அவனுக்கு விருது. தோற்றாலோ விதியின்மீது பழி! 'அன்று நீ உரைத்தது இது, இன்று நடந்தது இது' என்று ஓலையை விரித்துவைத்து அவனைக் கேட்டவர் எவருமிலர். அந்த இருக்கையில் இன்று அறிவியல் கற்ற இளைஞரை அமர்த்துகின்றனர். மகிழ்கிறோம், மனமார மகிழ்கிறோம். ஆனால் இருக்கையின் இயல்பு மாறாமல், அமர்பவர் மட்டும் மாறினால் போதுமா, தோழர்களே?

2022இல் தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் பிறந்தது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு முதல் அணியில் 30 இளைஞர்கள் அரசுப் பணிக்கு அழைக்கப்பட்டனர். பொறியியலார், மருத்துவம் படித்தோர், வேளாண்மை பயின்றோர் எல்லோருக்கும் வாயில் திறந்தது. தமிழறிவு கட்டாயம் என்றும் விதித்தனர். அந்த விதியை இருகை கூப்பி வரவேற்கிறோம். அடுத்து 2023இல் பசுமைப் புத்தாய்வுத் திட்டம். தட்பவெப்ப மாற்றத்தை எதிர்கொள்ள 40 பேர். 38 மாவட்டங்களும் அதன் எல்லைக்குள். அமெரிக்க நாட்டில் 1973இல் 7 அறிவியலாளரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பித் தொடங்கிய முயற்சி, அரை நூற்றாண்டு கழித்து நம் ஆட்சியர் அலுவலகத்தின் படியேறியிருக்கிறது. நம் கடற்கரைக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. 1999இல் இந்திய அரசு முதன்மை அறிவியல் ஆலோசகர் என்ற பதவியைப் படைத்தபோது, அதில் முதலில் அமர்ந்தவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். உச்சியில் ஓர் அறிவியலாளர் அமர்ந்தார், சரி. ஊர்க் கண்மாய்க்கு யார் ஆலோசகர்?

பரமக்குடியிலிருந்து எத்திசையில் நடந்தாலும் விடை கிடைக்கும். வைகையின் மணற்படுகையிலும், கண்மாயின் நடுவயிற்றிலும், வரப்பிலும், வாய்க்காலிலும் சீமைக்கருவேலம்! அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளையர் ஆட்சியில் இந்நாட்டிற்கு வந்தது. விடுதலைக்குப் பின்னரும் விறகுக்கென்றும் வேலிக்கென்றும் அது வளர்க்கப்பட்டது. கால்நடை நெற்றைத் தின்னும், சாணத்தோடு விதை பரவும், பரவிய இடத்தில் நாட்டு மரம் நலியும் என்பதையெல்லாம் எடுத்துரைக்க அன்று ஆட்சிப்பீடத்தின் அருகில் யார் இருந்தார்? பின்னர் 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வெட்டி எறிக என்றது. அதே ஆண்டு ஏப்ரலில் இடைக்காலத் தடை வந்தது. அறிவியல் முறையில் ஆய்ந்து சொல்க என்றது நீதிமன்றம். நட்டபோது கேட்காத கேள்வி, வெட்டும்போதுதான் நினைவிற்கு வந்தது! அயல் படர்தாவரங்களை அகற்றும் கொள்கையைத் தமிழ்நாட்டரசு வெளியிட்டது 2022இல்.

இடைப்பட்ட காலத்தில் நடந்த கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையையே விரட்டும் மரம் இது என்று ஒரு கதை ஊரெங்கும் உலவிற்று. படித்தவர் நம்பினர், பட்டம் பெற்றவரும் பரப்பினர். மாரியம்மன் கோபத்தால் மழை பொய்த்தது என்று பாட்டி சொன்னபோது சிரித்த இளைஞர்கள், மரத்தின் கோபத்தால் மழை பொய்த்தது என்று கைபேசி சொன்னபோது கைகட்டி நம்பினர். இதற்குப் பெயர் பகுத்தறிவா? வேர் ஆழம் போகும், கண்மாயின் கொள்ளளவு குறையும், அடியோடு பெயர்க்காமல் வெட்டினால் மீண்டும் தழைக்கும். உண்மைக் குற்றங்களே போதுமானவை. பொய்க்குற்றம் எதற்கு? அதுவும் போக, மரத்தைப் பெயர்த்தால் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பம் எதைத் தின்னும்? செடிநூல் மட்டும் கற்றவருக்கு அக்கேள்வி தோன்றாது. கணக்குநூல் மட்டும் கற்ற அதிகாரிக்குச் செடி விளங்காது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கவே புத்தாய்வாளர் தேவை.

கடலிலும் இதே கதைதான். கப்பாபைக்கஸ் என்னும் அயல் கடற்பாசியை வளர்த்து நம் கரையோரப் பெண்கள் நாலு காசு கண்டனர். அப்பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர் 2008இல் எழுதினர். 2021இல் ஒன்றிய அரசின் வரவுசெலவுத் திட்டம் தமிழ்நாட்டிற்குக் கடற்பாசிப் பூங்கா அறிவித்தது. பெண்களின் கூலியும் பவளத்தின் உயிரும் எதிரெதிரே நிற்கும்போது, இரண்டையும் நிறுத்துப் பார்த்து எழுதவல்லவர் யார்?

'மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சருக்குத் தேர்வெழுதி வந்தவர் பாடம் சொல்வதா?' என்பார் சிலர். அவர் அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. நிபுணர் ஆளவேண்டும் என்று நாம் ஒருபோதும் கேளோம். கேள்வி கேட்கமுடியாத நிபுணர் புதிய புரோகிதர். அவர் கையில் தர்ப்பைக்குப் பதில் வரைபடம், அவ்வளவே. மறுத்துப் பேசமுடியாத நிபுணரோ பழைய அரசவைப் புலவர். அமைச்சர் திறந்துவைத்த திட்டத்திற்கு அழகிய புள்ளிவிவரம் தொகுத்துத் தரவா இத்தனை படிப்பு? இரண்டு இழிவுக்கும் மருந்து ஒன்றே: அவர் எழுதியது பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும். அரசு அதை ஏற்கலாம், தள்ளலாம். தள்ளினால் காரணம் கூறட்டும்.

அமெரிக்கநாட்டு நாடாளுமன்றம் 1972இல் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் என ஒன்றை அமைத்தது. உறுப்பினர் கேட்ட பொருள்பற்றி ஆய்ந்து, அறிக்கைகளை அச்சிட்டு ஊரறிய வெளியிட்டது அது. 1995இல் சிக்கனத்தின் பெயரால் அதை மூடினர். ஆளை அனுப்பினார்கள். ஆனால் அலுவலகத்தின் உயிர் எவர் கையில் இருந்தது? பணத்தை வழங்கியவர் கையில்! இங்கேயும் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வரும் இளைஞர், 'இத்திட்டம் தவறு' என்று எழுதிவிட்டு மறுநாள் அச்சமின்றி அலுவலகம் வரமுடிய வேண்டும். அதற்கு விதி வேண்டும். அதிகாரியின் நல்ல மனம் போதாது.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்களைப்பற்றி, கருவேலத்தைப்பற்றி, கடற்பாசியைப்பற்றிப் புத்தாய்வாளர் எழுதுவதெல்லாம் தமிழில் ஊராட்சிமன்றப் பலகையில் ஒட்டப்படட்டும். வரும் ஆகஸ்ட் 15 கிராமசபைக் கூட்டத்தில் நம் தோழர்கள் எழுந்து இதைத் தீர்மானமாகக் கேட்கட்டும். படித்துக்காட்ட ஆளில்லை என்று எவரேனும் சொன்னால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நாம் அழைத்து வருகிறோம்.