பீட்டில்ஸுக்கு முன்னால் எல்லாம் ஜெராக்ஸா?

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சித்தப்பாவின் பழைய இசைத்தட்டுகளைப் பற்றி நாலு வரி போட்டிருந்தேன். என்னிடம் ஆங்கிலம் படித்த ஒரு தம்பி, இப்போது சென்னையில் கிடார் வாசிப்பவர், கீழே எழுதினார்: "பீட்டில்ஸுக்கு முன்னாடி இங்கிலாந்துல என்ன சார் இருந்தது? எல்லாம் எல்விஸ் ஜெராக்ஸ்." அதற்கு எத்தனை லைக்! என் அக்கா மகனும் போட்டிருக்கிறான்.

தம்பி, பீட்டில்ஸின் முதல் தட்டு வந்தது 1962 அக்டோபரில். அதற்கு ஆறு வருஷம் முன்பே லோனி டொனகன் பாட்டைக் கேட்டு, துணி துவைக்கும் தகரப் பலகையையும் தேயிலைப் பெட்டியையும் வாத்தியமாக்கிப் பையன்கள் தெருத்தெருவாகக் குழு கட்டினார்கள். ஸ்கிஃபிள் என்று பெயர். பள்ளிக்கூடப் பையன் ஜான் லெனன் தொடங்கிய குவாரிமென்னும் அதில் ஒன்றுதான். இதில் எல்விஸ் எங்கே வந்தார்?

கிளிஃப் ரிச்சர்டு எல்விஸைப் பார்த்துத் தலை சீவியவர்தான், மறுக்கவில்லை. லக்னோவில் பிறந்த அந்தப் பையனின் முதல் தட்டில், 1958இல், வந்த 'மூவ் இட்' பாட்டை எழுதியவர் அவர் குழுவிலேயே கிடார் வாசித்த இயன் சாம்வெல். பாடகரே பாட்டு எழுதும் வழக்கம் பீட்டில்ஸோடு வந்தது என்பீர்கள். அதே லிவர்பூல்காரர் பில்லி ஃப்யூரி 1960இல் ஒரு தட்டு போட்டார், பத்துப் பாட்டு. பத்தும் அவர் எழுதியது.

அந்தக் காலத்தில் வந்தவற்றில் பாதி வெறும் சர்க்கரைப் பாகு. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எந்தக் காலத்தில் அப்படி இல்லை?

1936இல் நம் மதராசில் பிறந்த ஒருவர், ஜெரி டார்சி என்ற பெயரில் ஐம்பதுகளின் கடைசியிலேயே அங்கே பாடிக்கொண்டிருந்தார். யாரும் சீந்தவில்லை. பெயரை எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்று மாற்றிக்கொண்டு 1967இல் ஒரு பாட்டுப் பாடினார். பீட்டில்ஸின் 'பென்னி லேன்' முதலிடத்துக்கு வரமுடியாமல் நின்றது. (நாம் மட்டும் யோக்கியமா? ஐம்பதுகளிலேயே யோடலிங் பாடிய சந்திரபாபுவை 'காமெடியன்' என்று ஓரங்கட்டியவர்கள்தானே.)

இனி வீட்டு விஷயம். சித்தப்பா சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வோம். 1963இல் லீவில் வந்தபோது பெட்டுலா கிளார்க் தட்டுகள் கொண்டுவந்தார். யுத்த காலத்தில் சிறுமியாக பிபிசியில் பாடிய ஆங்கிலேயப் பெண், பிறகு பிரெஞ்சிலும் பாடிப் பாரிஸைப் பிடித்தவர். சித்தப்பா திரும்பிப் போனபின் சித்தி விளக்கு வைத்ததும் அந்தத் தட்டைத்தான் போடுவார். ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. பாட்டு முடியும்வரை வாசல் திண்ணையை விட்டு எழுந்திருக்கமாட்டார்.

போன வருஷம் சித்தி போனபிறகு வீட்டைக் காலி செய்தபோது, அந்தத் தட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. போட்டது யார் தெரியுமா? லைக் போட்ட அதே கைதான். "மாமா, இதெல்லாம் ஒண்ணுமில்லாத பழசு" என்றான்.

நான் போய்ச் சேர்வதற்குள் மிஞ்சியது நாலு தட்டு. கிடார்த் தம்பி, மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? வீட்டுக்கு வா. பிளேயர் இன்னும் ஓடுகிறது. நாலையும் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து ஜெராக்ஸ் என்று சொல்.