எடுக்கும்போது இரும்பு உடம்பு! அனுப்பும்போது பிறவி நோயா?

நம் வ. புதுப்பட்டியிலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் பட்டாளத்துக்குப் போகிறவன் யார்? மில் முதலாளியின் மகனா? தென்னந்தோப்பு மிராசுதாரின் மகனா? இல்லவே இல்லை! கூலிக்கு நாற்று நடும் தாயின் மகன் போகிறான். ராஜபாளையம் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் தகப்பனின் மகன் போகிறான்.

போகிறவனை சர்க்கார் சும்மா சேர்த்துக் கொள்வதில்லை. ஓடவிட்டுப் பார்க்கிறது, மார்பை அளக்கிறது, கண், காது, பல் ஒன்று விடாமல் டாக்டர் சோதிக்கிறார். ஆள் பூரண ஆரோக்கியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறார்கள்.

அதே ஆள் பல வருஷம் கழித்து நரம்பு கெட்டுத் திரும்பி வருகிறான். குண்டு பாய்ந்தவனுக்குத் தழும்பு இருக்கும். நரம்பு செத்தவனுக்கு என்ன தழும்பு? மலையிலே பாரம் சுமந்து முதுகெலும்புத் தட்டு நழுவினால், காலுக்குப் போகும் நரம்பு நசுங்குகிறது. பாதம் தொங்கிப் போகிறது. நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது. 1984 முதல் நம் பட்டாளம் காவல் நிற்கும் சியாச்சின் பனியில் விரல் உறைந்தவனுக்கு, விரல் தப்பினாலும் உணர்ச்சி போய்விடுவதுண்டு. நெருப்புப் பட்டாலும் தெரியாது. வேறொருவனுக்கு வலிப்பு வருகிறது. மெடிக்கல் போர்டு என்ன எழுதுகிறது? "சேவையால் வந்ததும் அல்ல, சேவையால் அதிகப்பட்டதும் அல்ல!" அந்த ஒரு வரியில் ஊனப் பென்ஷன் பறந்து போகிறது.

தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கைக் கேளுங்கள். 1985 ஜூனில் சிக்னல் படையில் சேர்ந்தார். வலிப்பு நோய் கண்டது. 20 சதவீதம் நிரந்தர ஊனம் என்று 1994ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். போர்டோ, நோய்க்கும் சேவைக்கும் சம்பந்தமில்லை என்றது. பென்ஷன் இல்லை, மேல்முறையீடும் தள்ளுபடி. இமாசலப் பிரதேச ஐகோர்ட்டில் தனி நீதிபதியிடம் ஜெயித்தார். சர்க்கார் அப்பீல் போனது. இரு நீதிபதிகள் பெஞ்ச் தீர்ப்பைப் புரட்டிவிட்டது. சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 2013 ஜூலை 2ல்தான் நியாயம் கிடைத்தது. 19 வருஷம்!

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது என்ன? சேரும்போது அந்த நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், அது சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது சர்க்கார். போர்டு காரணம் எழுதாமல் கைவிரிக்கக் கூடாது. களத்து மேட்டில் நிற்கும் எந்த விவசாயக் கூலியும் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பானே! வண்டியில் பூட்டும்போது நொண்டாத மாடு அவிழ்க்கும்போது நொண்டினால், யாரைக் கேட்பது?

தீர்ப்புக்குப் பிறகாவது புத்தி வந்ததா? சதவீதத்தை முழுமைப்படுத்திக் கணக்கிடும் சலுகையை எதிர்த்து நூற்றுக்கணக்கில் அப்பீல் போட்டு, 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் சர்க்கார் தோற்றது. ராணுவ டிரிப்யூனல் கொடுத்த ஊனப் பென்ஷன்களை எதிர்த்து டில்லி ஐகோர்ட்டில் மறுபடியும் கட்டுக் கட்டாக மனு. 2025 ஜூலையில் அவையும் தள்ளுபடி. காங்கிரஸ் சர்க்கார் காட்டிய வழியிலே பா.ஜ.க. சர்க்கார் நடைபோடுகிறது. மேடையிலே "ஜெய் ஜவான்!" கோர்ட்டிலே ஜவானே எதிர்வாதி! வக்கீல் பீசு யார் பணம்? நம் வரிப் பணம்!

"பட்டாளத்தானுக்குக் கேன்டீன் உண்டு, பென்ஷன் உண்டு; செங்கொடி ஏன் அவனுக்காகப் பேச வேண்டும்?" என்று மில் கேட் டீக்கடையில் சில தோழர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி தவறு. சிப்பாய்க்குச் சாதாரணப் பென்ஷன் வேண்டுமானால் 15 வருஷ சேவை வேண்டும். ஒன்பது வருஷத்தில் வெளியே தள்ளப்பட்ட தரம்வீர் சிங்குக்கு ஊனப் பென்ஷனை விட்டால் வேறு என்ன இருந்தது? மேலும், தோழர்களே, அவன் முன்னே உட்காரும் போர்டுதான் நம் முன்னேயும் உட்காருகிறது! பஞ்சுத் தூசியில் நெஞ்சு அடைத்த தொழிலாளி ஈ.எஸ்.ஐ. போர்டுக்குப் போனால், "பீடி குடிப்பாயா?" என்பதுதான் முதல் கேள்வி. சிப்பாயிடம், "உன் தகப்பனுக்கு வலிப்பு உண்டா?" சத்திரப்பட்டித் தறியில் பேண்டேஜ் துணி நெய்கிறவனும் அதைக் கட்டிக் கொள்கிறவனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

2022ல் வந்த அக்னிபத் இன்னும் மோசம். நாலு வருஷத்தில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கு. ஊனமானால் ஆயுள் பென்ஷன் கிடையாது. சதவீதப்படி 15, 25 அல்லது 44 லட்சம் ஒரே தடவை. அதற்கும் "சேவையால் வந்தது" என்று போர்டு எழுத வேண்டும்! இருபத்து மூன்று வயதில் கால் மரத்தவனுக்கு அந்தப் பணம் எத்தனை வருஷம் வரும்?

நம் ஊர்களில் இப்படித் திரும்பி வந்து, "தள்ளுபடி" என்ற காகிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்லுங்கள். சேரும்போது எடுத்த மருத்துவச் சோதனைக் குறிப்பு, அனுப்பும்போது எழுதிய போர்டு நடவடிக்கை, தள்ளுபடிக் கடிதம் மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும். முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் கெடு. கெடு தாண்டியவரும் சோர்ந்து போக வேண்டாம். பட்டாளத்தை விட்டு வந்து 16 வருஷம் கழித்து வழக்குப் போட்ட தர்சேம் சிங்கின் கேஸில், பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு, தாமதம் ஒன்றையே காட்டிக் கதவை அடைக்க முடியாது என்று 2008ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. சென்னையில் ராணுவ டிரிப்யூனல் பெஞ்ச் இருக்கிறது. காகிதங்களோடு சங்க ஆபீசுக்கு வாருங்கள். மனு எழுத ஆள் இருக்கிறோம்.